‘பிறகு’ என்றால் ‘அதனால்’ ஆகிவிடாது: கருத்தரிப்புச் சிகிச்சைச் சிக்கல்களும் மெடிக்கல் கோடிங்கும்

கருமுட்டை எடுத்து நான்காவது நாள். வயிறு உப்பி, குமட்டலும் வாந்தியுமாக ஒரு பெண் எமர்ஜென்சிக்கு வருகிறார். பார்க்கும் டாக்டர், "முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பல், வாந்தி. ஓஹெச்எஸ்எஸ் இருக்கலாம்" என்று எழுதி, மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். ஓஹெச்எஸ்எஸ் என்பது ஹார்மோன் ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் நிலை. வேறொரு டாக்டர் பார்த்திருந்தால், "சினைப்பையைத் தூண்டப் போட்ட ஊசிகளால் வந்த மிதமான ஓஹெச்எஸ்எஸ்" என்று எழுதியிருக்கலாம். இப்படி டாக்டர் எழுதும் சார்ட்டை, அதாவது மருத்துவப் பதிவை, படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோட்களைப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். நோயாளி ஒருவர்தான், உப்பிய வயிறும் ஒன்றுதான். ஆனாலும் முதல் சார்ட்டுக்கு ஆர்14.0, ஆர்11.2 என்று இரண்டு அறிகுறிக் கோட்கள் மட்டுமே போட முடியும். இரண்டாவது சார்ட்டுக்கு ஓஹெச்எஸ்எஸ் நோய்க்கே உரிய என்98.1 கிடைக்கும்.

சிக்கல்களுக்குக் கோட் போடும் வேலையின் கஷ்டம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. சென்னை, திருச்சி, கோவை அலுவலகங்களில் அமெரிக்க சார்ட்டுகளைப் பார்க்கும் புதிய கோடர்கள் ஆடிட்டில் அதிகம் அடிவாங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டுரை அவர்களுக்கும், கருத்தரிப்பு மையங்களில் கேஸ் ஷீட் எழுதுகிறவர்களுக்கும்.

ஒரு சின்ன ஏற்பாடு: கோட்களில் வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். ‘ஓ99’ என்றால் முதலில் இருப்பது எழுத்து, பூச்சியம் இல்லை. பயிற்சிக் காலத்தில் இந்த இரண்டையும் மாற்றித் தட்டிவிட்டு "கோட் இன்வேலிட்" என்று மென்பொருள் சொல்வதைப் பார்த்து விழிக்காதவர்கள் குறைவு.

உடம்பில் நடப்பது என்ன?

கோட் புத்தகத்தைத் திறக்கும் முன் ஓஹெச்எஸ்எஸ் எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் சார்ட் படித்தால் எது எதோடு சேரும் என்று புரியாது.

இயல்பான மாதத்தில் சினைப்பையில் ஒரு முட்டை முதிரும். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவூட்டும்) சிகிச்சையில் பல முட்டைகள் தேவை என்பதால் சுமார் எட்டு முதல் பதினான்கு நாள் தினமும் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். முட்டைப்பைகள் பருத்ததும், கடைசி முதிர்ச்சிக்காக ‘ட்ரிகர்’ ஊசி. பெரும்பாலும் அது ஹெச்சிஜி என்ற ஹார்மோன். ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, யோனி வழியாக ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள்.

வீங்கிய சினைப்பை அந்த ஹெச்சிஜி பட்டதும் விஇஜிஎஃப் என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிறது. ரத்தத்திலுள்ள நீர் வெளியேறி வயிற்றிலும், சில சமயம் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான ரத்தம் உறையப் பார்க்கும். சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகாததால் சிறுநீர் குறையும். வயிற்று நீர், மார்பு நீர், சோடியம் குறைவு, ரத்தக்கட்டு எல்லாம் ஒரே கசிவின் பிள்ளைகள்.

ட்ரிகர் போட்ட ஏழு நாளுக்குள் வந்தால் முன்வரவு. பத்து நாளோ அதற்கு மேலோ கழித்து வந்தால் பின்வரவு. பின்வரவுக்குப் பெரும்பாலும் காரணம் கரு தங்கியிருப்பது. கரு தானே ஹெச்சிஜி சுரந்து, அணையப் போகும் அடுப்பில் மறுபடி விறகு வைக்கிறது. கர்ப்பமா, இல்லையா என்பது கோடிங்கின் வரிசையையே புரட்டிப் போடுவதால், ட்ரிகர் தேதி சார்ட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பழகுங்கள்.

என்98 என்ற சின்ன அலமாரி

கருத்தரிப்புச் சிகிச்சைச் சிக்கல்களுக்கென்று நோய்க் கோட்களின் பட்டியலான ஐசிடி-10-இல் ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. என்98.0 செயற்கை விந்தேற்றத்தைத் தொடர்ந்த தொற்று. என்98.1 சினைப்பை மிகைத் தூண்டல், அதாவது ஓஹெச்எஸ்எஸ். என்98.2, என்98.3 இரண்டும் ஐவிஎஃப்-இல் கருவுற்ற முட்டையையோ கருவையோ உள்ளே வைக்கும் முயற்சியில் வரும் சிக்கல்கள். என்98.8 மற்றவை, என்98.9 எதுவென்று சொல்லப்படாதவை. அவ்வளவுதான். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் பதிப்பிலும், இந்திய மருத்துவமனைகள் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இலும் இந்த ஆறும் அப்படியே இருக்கின்றன.

அலமாரி சின்னது என்பதால் புதியவர்கள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணிக்கப் பார்க்கிறார்கள். உண்மையில் இந்தச் சிகிச்சையின் சிக்கல்களில் பலவற்றுக்கு இடம் என்98-க்கு வெளியே.

முட்டை எடுத்த இடத்தில் ரத்தப்போக்கு வந்து, அது செயல்முறையால் வந்தது என்று டாக்டர் எழுதினால் கோட் புத்தகத்தின் இன்டெக்ஸ் நம்மை என்99.820-க்கு அழைத்துப் போகும். செயல்முறை நடக்கும்போதே என்றால் என்99.61. ஊசி தவறிக் குடலில் பட்டுவிட்டால் கே91.72, இங்கே நடந்தது செரிமான மண்டலச் சிகிச்சை இல்லை என்பதால் கே91.71 வராது. வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டால் வலப்பக்கம் என்83.511, இடப்பக்கம் என்83.512. எந்தப் பக்கம் என்று எழுதாத ஆபரேஷன் நோட் வந்தால் என்83.519 போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். வயிற்றைத் திறந்து பார்த்தவருக்குப் பக்கம் தெரியாமலா இருக்கும்? கேளுங்கள்.

என்98.0-இல் ஒரு பொறி உண்டு. பெயரில் ‘தொற்று’ என்று பார்த்ததும், முட்டை எடுத்த பிறகு இடுப்புக்குள் சீழ் கட்டியதற்கும் அதையே போட்டுவிடுவார்கள். அந்தக் கோட் விந்தேற்றத்துக்கு உரியது. முட்டை எடுத்ததால் வந்த ஆழமான தொற்று என்று டாக்டர் எழுதியிருந்தால், செயல்முறைக்குப் பிந்தைய தொற்று என்ற தலைப்பில் டி81.4 (இந்த டி ஆங்கில T, D இல்லை) குடும்பத்துக்குப் போய், உள்ளுறுப்பு இடத்துக்கான டி81.43-ஐப் பார்த்து, ஏழாவது எழுத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

என்98.3-இல் இன்னொரு பொறி. கரு வைத்தார்கள், தங்கவில்லை. அது சிக்கலா? சிகிச்சை பலிக்காமல் போவதும் சிக்கல் உண்டாவதும் வெவ்வேறு. கரு தங்காததற்கு என்98.3 போடக் கூடாது. கரு கருக்குழாயில் தங்கிவிட்டாலும் அங்கே போகக் கூடாது, அதற்கு ஓ00.1 இருக்கிறது, வலமா இடமா என்பதோடு. இரண்டு கரு வைத்ததில் ஒன்று கருப்பையிலும் மற்றொன்று குழாயிலும் வளர்கிறது என்றால் ஓ00.11 குடும்பம். இந்த இரட்டை நிலை ஐவிஎஃப் நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ‘கருப்பையில் கர்ப்பம் உறுதி’ என்ற வரியோடு ஸ்கேன் அறிக்கையை மூடிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்வோமே, அமெரிக்கக் கோடிங் நெறிமுறையின் முதல் பிரிவில் சிக்கல்களைப் பற்றிய பத்தி ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. சிகிச்சையின்போதோ அதற்குப் பிறகோ வருவதெல்லாம் சிக்கல் ஆகாது. சிகிச்சைக்கும் அந்த நிலைக்கும் காரண–காரிய உறவு இருக்க வேண்டும், அதை டாக்டரின் எழுத்து காட்ட வேண்டும், மருத்துவ ரீதியில் அது பொருட்படுத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும். ‘சிக்கல்’ என்ற சொல்லையே டாக்டர் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறவு தெளிவாக இருந்தால் போதும்.

‘பிறகு’ என்ற சொல் நேரத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. "முட்டை எடுத்த பிறகு காய்ச்சல்" என்பதில் காய்ச்சல் ஃப்ளூவாகவும் இருக்கலாம். "முட்டை எடுத்ததால்", "ஊசிகளின் விளைவாக", "தூண்டலோடு தொடர்புடைய" என்ற சொற்கள்தான் நமக்கு வேண்டும். ஓஹெச்எஸ்எஸ் இதில் கொஞ்சம் சௌகரியமான நோய். பெயரிலேயே தூண்டல் இருக்கிறது. ரத்தப்போக்கு, தொற்று, சினைப்பை முறுக்கம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. முட்டை எடுத்த அன்று லேசாகச் சொட்டும் ரத்தம் எதிர்பார்த்த ஒன்று; அதைச் சிக்கலாக்கினால் நோயாளியின் பதிவிலும் டாக்டரின் தரக் கணக்கிலும் இல்லாத ஒன்று ஏறிவிடும்.

இதோடு ‘இருக்கலாம்’ விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிநோயாளிச் சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘ரூல் அவுட்’ என்றிருந்தால் நோய்க்கோட் போடக் கூடாது, அறிகுறியோடு நிறுத்த வேண்டும். உள்நோயாளியாக அனுமதித்த மருத்துவமனைக் கணக்கில், டிஸ்சார்ஜ் வரை அந்த ‘இருக்கலாம்’ நீடித்தால் நோய் இருந்ததாகவே வைத்துக் கோட் போடலாம். தொடக்கத்தில் பார்த்த பெண்ணுக்கு ஆர்14.0 விழுந்தது இதனால்தான்.

தீவிரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

என்98.1-இல் லேசானது, மிதமானது, கடுமையானது என்ற பிரிவே கிடையாது. வயிறு உப்பி இரண்டு நாளில் சரியானவருக்கும் ஐசியுவில் கிடந்தவருக்கும் ஒரே கோட். நம் பார்வையில் இது அந்தக் கோட்டின் பெரிய குறை. ஆகவே தீவிரத்தைச் சொல்லும் பொறுப்பு துணைக் கோட்களின் தலையில் விழுகிறது.

டாக்டர்களுக்கோ தெளிவான அளவுகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவர்களுக்கான பிரிட்டனின் ராயல் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் லேசான நிலையில் சினைப்பை பொதுவாக 8 செ.மீ.க்குள், மிதமானதில் 8 முதல் 12, கடுமையானதில் 12-க்கு மேல். கடுமையான நிலையில் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதத்தைத் தாண்டும், சோடியம் 135-க்குக் கீழே போகும், சிறுநீர் ஒரு நாளைக்கு 300 மி.லி.க்கும் குறையும். ஹீமடோக்ரிட் 55-ஐத் தாண்டினாலோ, வெள்ளணுக்கள் 25,000-ஐக் கடந்தாலோ, ரத்தக்கட்டு வந்தாலோ உயிராபத்து நிலை. முட்டைப்பைகளை உறிஞ்சி எடுத்துவிட்டதால் சினைப்பை சுருங்கிக் காட்டலாம். அளவை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க முடியாது.

இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது கோடர் கேள்வி கேட்பதற்கு, தரம் பிரிப்பதற்கு அல்ல. லேப் அறிக்கையில் சோடியம் 131 என்று இருப்பது சோடியம் குறைபாடு (ஹைபோநட்ரீமியா) என்ற நோயாகிவிடாது. டாக்டர் அந்தச் சொல்லை எழுதினால்தான் ஈ87.1.

ஒரு சார்ட்டைப் பிரித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக எழுதிய மாதிரி இது. 31 வயது, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிகள்). 10,000 யூனிட் ஹெச்சிஜி ட்ரிகர், 24 முட்டைகள், கருக்களை எல்லாம் உறைய வைத்துவிட்டார்கள், எதையும் உள்ளே வைக்கவில்லை. ட்ரிகருக்கு ஆறாம் நாள் அட்மிஷன். டாக்டர் குறிப்பு: "ஐவிஎஃப் தூண்டலால் கடுமையான முன்வரவு ஓஹெச்எஸ்எஸ், வயிற்றில் நீர், வலப்பக்க மார்பில் நீர். சோடியம் 131, குடிநீர் கட்டுப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. ஸ்கேன் உதவியோடு 2.5 லிட்டர் வயிற்று நீர் எடுக்கப்பட்டது." லேப் தாளில் ஒரு வரி: ரத்த ஹெச்சிஜி பாசிட்டிவ்.

முதன்மைக் கோட் என்98.1. வயிற்று நீருக்கு ஆர்18.8, மார்பு நீருக்கு ஜே90. லேசான ஓஹெச்எஸ்எஸ்-இல் இவை வருவதில்லை, இங்கே தனியாகக் கவனிக்கவும் பட்டிருக்கின்றன. எனவே நோயின் இயல்பான பகுதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. பிசிஓஎஸ்-க்கு ஈ28.2. அதோடு மலட்டுத்தன்மைக்கான என்97-ஐயும் சேர்க்கக் கை போகும். என்97-இன் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ் (சேர்த்துப் போடக் கூடாதவை) குறிப்பில் இதே ஈ28.2 இடம்பெற்றிருக்கிறது, அந்த ஆண்டின் டேபுலரை, அதாவது கோட்களின் வரிசைப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே சேர்க்கவும். ஊசி மருந்தின் பக்கவிளைவு என்று டாக்டர் மருந்தின் பெயரோடு எழுதியிருந்தால், மருந்து அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடி, பக்கவிளைவுப் பத்தியில் உள்ள டி (T) கோட்டை நோய்க்குப் பின்னால் வையுங்கள்.

சோடியம்? கவனித்திருக்கிறார், சிகிச்சையும் கொடுத்திருக்கிறார், பெயர் மட்டும் எழுதவில்லை. ஈ87.1 மருத்துவமனைக்கு நோய்த்தொகுப்பு வாரியாகக் கிடைக்கும் டிஆர்ஜி தொகையைக் கூட்டக்கூடிய கோட். பெயர் இல்லாமல் போட்டால் ஆடிட்டில் அது முதலில் உருவப்படும். இங்கே டாக்டருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி, அனுப்ப வேண்டும்.

அடுத்து அந்த ஹெச்சிஜி பாசிட்டிவ். இதைப் பார்த்ததும் கர்ப்பக் கோட்களுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. கருவே உள்ளே வைக்காத பெண் இவர். ஆறு நாள் முன்பு போட்ட ட்ரிகர் ஊசிதான் ரத்தத்தில் இன்னும் தெரிகிறது. லேப் தாளை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்ற விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

செயல்முறைக்கு, மருத்துவமனையின் உள்நோயாளிக் கணக்கில் ஐசிடி-10-பிசிஎஸ் (செயல்முறைகளுக்கான பட்டியல்) கோட்: 0, டபிள்யூ, 9, ஜி, 3, இசட், இசட். வடிகுழாயை உள்ளேயே விட்டுவைத்திருந்தால் ஆறாவது இடத்தில் இசட்டுக்குப் பதில் 0. டாக்டரின் தனிக் கணக்கில், டாக்டர் சேவைகளுக்கான சிபிடி பட்டியலின் 49083. அதன் விளக்கத்திலேயே ஸ்கேன் உதவி அடங்கியிருப்பதால் ஸ்கேன் வழிகாட்டலுக்கான 76942-ஐத் தனியாகச் சேர்க்க முடியாது. ஸ்கேன் இல்லாமல் எடுத்திருந்தால் 49082. அதே நாளில் அதே டாக்டர் தனியாகக் கணக்கிடத்தக்க ஆலோசனையும் செய்திருந்தால் அந்த ஆலோசனைக் கோட்டில் மாடிஃபையர் 25 (தனிச் சேவை என்று காட்டும் குறி). முறுக்கிய சினைப்பையை லேப்ராஸ்கோப்பில் பிரித்துவிட்டதற்குச் சிபிடியில் தனிக் கோட் இல்லை. 58679 என்ற பொதுக் கோட்டைப் போட்டு ஆபரேஷன் நோட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கர்ப்பம் உறுதியானால்

அப்போது ஆட்டம் மாறும். ஐசிடி-10-சிஎம்-இன் பதினைந்தாவதான கர்ப்ப அத்தியாயத்தின் ஓ கோட்களுக்கு மற்ற அத்தியாயங்களைவிட முன்னுரிமை. இந்த நோய்க்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே எழுதினால் ஒழிய ஓ கோட் முன்னால் நிற்கும். பின்வரவு ஓஹெச்எஸ்எஸ்-இல் ஓ99.891 முதலில், அடுத்து என்98.1, கர்ப்ப வாரத்துக்கு இசட்3ஏ.01. மார்பு நீர், ரத்தக்கட்டு போன்றவையும் அந்தந்த மண்டலத்துக்கான ஓ கோட் வழியாகத்தான் போக வேண்டும். காலில் ஆழ்நாள ரத்தக்கட்டு என்றால் ஓ22.3 முன்னால், ஐ82.4 பின்னால். ஓ09.81 என்பது செயற்கைக் கருத்தரிப்பில் வந்த கர்ப்பத்தின் வழக்கமான செக்கப்புக்கு. சிக்கலோடு அட்மிட் ஆனவருக்கு அதை முதலில் வைக்கக் கூடாது.

கர்ப்பம் இல்லாதவருக்குக் கழுத்து நாளத்தில் ரத்தக்கட்டு என்று வந்தால் தட்டச்சுப் பிழையோ என்று சந்தேகப்பட வேண்டாம். ஓஹெச்எஸ்எஸ்-இல் உடலின் மேற்பகுதியில் ரத்தம் கட்டுவது அறியப்பட்ட விஷயம். ஐ82.சி1, வலமா இடமா என்பதோடு.

முட்டை தானம் செய்தவர்

தானம் கொடுத்தவருக்கு ஓஹெச்எஸ்எஸ் வந்தால் என்98.1 உண்டு, என்97 கிடையவே கிடையாது. அவருக்கு மலட்டுத்தன்மை இல்லை. துணைக்கு இசட்52.81 குடும்பம்: 35 வயதுக்குள்ளா மேலா, பெறுபவர் குறிப்பிட்ட நபரா பெயர் அறியாதவரா என்று பிரியும். டெம்ப்ளேட்டில் இருந்த ‘மலட்டுத்தன்மை’ என்ற வரி நகலாகி வந்து தானம் செய்தவரின் பதிவில் உட்கார்ந்துகொள்வது நடக்கும் பிழைதான்.

இந்தியாவில் இதற்குச் சட்ட முக்கியத்துவமும் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, தானம் கொடுப்பவருக்குச் சிகிச்சை பெறும் தம்பதியோ பெண்ணோ 12 மாதத்துக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். முட்டை எடுப்பதால் வரும் சிக்கலுக்கான இழப்பீடு அந்தக் காப்பீட்டில்தான் வரும். காரணத்தைச் சொல்லாமல் "வயிற்று வலி, அட்மிட்" என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி அந்தப் பெண்ணைக் கைவிட்டுவிடும்.

என்ன எழுதினால் கோடர் கேள்வி கேட்க மாட்டார்?

மையங்களில் எழுதுகிறவர்களுக்கு: ட்ரிகர் மருந்தின் பெயர், அளவு, தேதி. முட்டை எடுத்த தேதி, எத்தனை. கரு வைத்தார்களா, உறைய வைத்தார்களா. கர்ப்பம் உண்டா, இல்லையா, எத்தனை வாரம். ஓஹெச்எஸ்எஸ்-இன் தரம். சினைப்பை அளவு, பக்கத்தோடு. எடுத்த நீர் எவ்வளவு, ஸ்கேன் உதவியோடா, குழாய் உள்ளே விடப்பட்டதா. லேப் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் நோய்ப்பெயர். எல்லாவற்றுக்கும் மேல், "இதனால் இது" என்ற ஒரு வரி.

அது இல்லாதபோது குவெரி. மருத்துவப் பதிவுத் துறையின் அமெரிக்க அமைப்புகளான அஹிமாவும் ஏக்டிஸும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த நடைமுறைக் குறிப்பு, டாக்டரின் வாயில் பதிலை ஊட்டக் கூடாது என்கிறது. "ஹைபோநட்ரீமியா என்று சேர்த்துவிடுங்கள் டாக்டர், கோட் போடணும்" என்பது தவறான குவெரி. "சோடியம் 131, குடிநீர் கட்டுப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை என்று பதிவாகியுள்ளது. இந்த மதிப்புக்குரிய நோய்நிலை எது?" என்று கேட்டு, மருத்துவ ரீதியில் பொருந்தும் தேர்வுகளோடு ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டையும் கொடுக்க வேண்டும். பணம் கூடும், குறையும் என்ற பேச்சே குவெரியில் வரக் கூடாது.

பணப் பேச்சு வேறொரு வழியில் வரும். பல அமெரிக்கக் காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தரிப்புச் சிகிச்சையை ஏற்பதில்லை, என்98.1-ஐப் பார்த்ததும் கிளெய்மை டினை செய்யும், அதாவது நிராகரிக்கும் திட்டமும் உண்டு, சிக்கலுக்கான சிகிச்சையை மட்டும் ஏற்கும் திட்டமும் உண்டு. டினையல் வந்ததும் ஏஆர் (நிலுவைத் தொகை வசூல்) பக்கத்திலிருந்து, "ஆர்18.8-ஐ முதலில் வைத்து மறுபடி அனுப்பலாமே" என்று ஒரு யோசனை வரக்கூடும். நோய் என்னவென்று டாக்டர் தெளிவாக எழுதிய பிறகு அறிகுறியை முன்னால் தள்ளினால் அது தவறான கிளெய்ம். என்98.1 இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஐசியு குறிப்புகள், லேப் தாள்கள், நீர் எடுத்த நோட் எல்லாவற்றையும் இணைத்து அப்பீல் போட வேண்டும்.